லிம்போ: திருமுழுக்கின்றி இறந்த குழந்தைகள் பற்றிய கிறித்தவப் போதனை

லிம்போ என்பது திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறுவதற்கு முன் இறந்துபோன கைக்குழந்தைகள் சென்று சேரும் நிலை என்று மேற்கத்தியக் கிறித்தவ இறையியலார் பல நூற்றாண்டுகளாகக் கருதிவந்த ஒன்றாகும். அந்நிலையில் வேதனை இல்லை. ஆனால் கடவுளை நேருக்கு நேர் காணும் பேரின்பமும் இல்லை. 'லிம்புஸ்' என்ற இலத்தீன் சொல் துணியின் ஓரத்தை, விளிம்பைக் குறிக்கும். நரகத்தின் விளிம்பில் அமைந்த இடம் என்ற பொருளில் இச்சொல் இடைக்கால இறையியலில் வழக்கத்துக்கு வந்தது.

உத்தரிக்கிற தலத்தோடு லிம்போவைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. உத்தரிக்கிற தலம் என்பது பாவக் கறை நீங்கிப் பின்னர் விண்ணகம் செல்லவிருக்கும் ஆன்மாக்களின் தற்காலிக நிலை. லிம்போவுக்குப் போன குழந்தை அங்கிருந்து வெளியேறுவதாக எவரும் போதிக்கவில்லை. மேலும், இயேசுவுக்கு முன் வாழ்ந்த ஆபிரகாம் முதலிய நீதிமான்கள் காத்திருந்த இடத்தையும் லிம்போ என்றே அழைத்தார்கள். அது 'முதுபெரும் தந்தையரின் லிம்போ'. கிறிஸ்து பாதாளத்தில் இறங்கியபோது அது வெறுமையானது என்பது நம்பிக்கை. இக்கட்டுரை குழந்தைகளின் லிம்போவைப் பற்றியது மட்டுமே.

கத்தோலிக்கத் திருச்சபை லிம்போவை விசுவாசக் கோட்பாடாக ஒருபோதும் அறுதியிட்டு வரையறுத்ததில்லை. ஆயினும் அது மறைக்கல்வி நூல்களில் இடம்பெற்றது. கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்பதோடு பிணைந்து நின்றது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களின் மனத்தில் ஆயுள் முழுவதும் தங்கியது. வரையறுக்கப்படாத ஒரு கருத்து இவ்வளவு தூரம் வேரோடியது ஏன் என்பதே இதில் அறியத்தக்கது.

சிக்கலின் தொடக்கம்

புதிய ஏற்பாட்டில் மூன்று இடங்கள் இங்கே ஒன்றோடொன்று மோதுகின்றன. எல்லா மனிதரும் மீட்புப் பெறவேண்டும் என்று கடவுள் விரும்புவதாகத் திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகம் (2:4) கூறுகிறது. தண்ணீராலும் தூய ஆவியாலும் பிறவாத ஒருவர் இறையாட்சிக்கு உட்பட இயலாது என்று யோவான் நற்செய்தி (3:5) கூறுகிறது. ஒரே மனிதன் வழியாகப் பாவம் உலகில் நுழைந்து, அதனால் சாவு எல்லாரையும் பற்றிக்கொண்டது என்று பவுல் உரோமையருக்கு (5:12) எழுதுகிறார். வளர்ந்த ஒருவரைப் பொறுத்தவரை இம்மூன்றையும் ஒருவாறு பொருத்திவிடலாம். பிறந்து ஒரு மணி நேரத்தில் கண்மூடிய குழந்தையின் விஷயத்தில் பொருத்துவது கடினம். அது ஒரு பாவமும் செய்யவில்லை. திருமுழுக்கைக் கேட்கவோ மறுக்கவோ அதற்கு வாயில்லை.

முதல் சில நூற்றாண்டுகளில் இக்கேள்வி பெரிதாக எழவில்லை. பலர் வளர்ந்த பிறகே திருமுழுக்குப் பெற்றார்கள். கிறித்தவத் தாயான மோனிக்காவின் மகன் அகுஸ்தீனார்கூட 387இல், தம் முப்பத்திரண்டாம் வயதில்தான் திருமுழுக்குப் பெற்றார். கிழக்கே கிரேக்க மொழி பேசிய திருச்சபைத் தந்தையர் கேள்வியை மென்மையாகவே அணுகினர். நசியான்சு நகர் கிரகோரி 381இல் ஆற்றிய மறையுரையில், குழந்தைப் பருவம் காரணமாகத் திருமுழுக்குப் பெறாதோர் மகிமையும் அடையார், தண்டனையும் அடையார் என்ற கருத்தைச் சொன்னார். நிசா நகர் கிரகோரி, அகால மரணமடைந்த குழந்தைகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஆதாமின் குற்றப்பழி ஒவ்வொரு குழந்தையின் மீதும் இருக்கிறது என்ற எண்ணம் கிழக்கில் வேர் பிடிக்கவில்லை. ஆகவே கிழக்கத்திய மரபுவழித் திருச்சபைகளுக்கு லிம்போ தேவைப்படவும் இல்லை.

அகுஸ்தீனாரின் கடுமை

மேற்கில் இக்கேள்வியைக் கூர்மையாக்கியவர் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர் ஆயரான அகுஸ்தீனார் (354–430). இளமையில் எழுதிய நூலொன்றில், புண்ணியத்துக்கும் பாவத்துக்கும் இடைப்பட்ட வாழ்வு இருக்குமானால், பரிசுக்கும் தண்டனைக்கும் இடைப்பட்ட தீர்ப்பும் இருக்கலாம் என்று அவர் எண்ணியதுண்டு. பெலாஜியுசுடன் மூண்ட விவாதம் அந்த எண்ணத்தை மாற்றியது. மனிதன் தன் முயற்சியால் நல்லவனாக வாழ இயலும், ஆதாமின் பாவம் அவனுடைய சந்ததிக்கு வருவதில்லை என்பது பெலாஜியுசின் தரப்பு. அப்படியானால் திருச்சபை கைக்குழந்தைகளுக்கு ஏன் பாவமன்னிப்புக்கான திருமுழுக்கைத் தருகிறது என்று அகுஸ்தீனார் திருப்பிக் கேட்டார். குழந்தையிடம் நீக்கவேண்டிய பாவம் ஏதோ இருக்கவேண்டும். அதுதான் சென்மப் பாவம்.

இந்த வாதத்தில் ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கலும் புகுந்துகொண்டது. உரோமையர் திருமுகத்தின் கிரேக்க மூலம், எல்லாரும் பாவம் செய்ததால் எல்லாருக்கும் சாவு வந்தது என்று பொருள்படும். அகுஸ்தீனார் படித்த இலத்தீன் பெயர்ப்போ, ஆதாமுக்குள் இருந்தபடியே எல்லாரும் பாவம் செய்தார்கள் என்று படிக்க இடம் தந்தது. சென்மப் பாவக் கோட்பாடு முழுவதும் இந்த ஒரு தொடரின் மேல் நிற்கிறது என்று சொல்வது மிகை. ஆனால் அதற்கு அது பலமான முட்டுக்கொடுத்தது.

முடிவு கடுமையானது. திருமுழுக்கின்றி இறந்த குழந்தைகள் தண்டனைத் தீர்ப்புக்கு உள்ளாவார்கள், நடுவில் வேறு இடம் இல்லை என்றார் அகுஸ்தீனார். அவர்கள் படும் தண்டனை எல்லாவற்றிலும் மிக இலேசானது என்று மட்டும் சேர்த்துக்கொண்டார். 418இல் கூடிய கார்த்தேஜ் சங்கத்தின் சில கைப்பிரதிகளில், அத்தகைய நடு இடத்தை மறுக்கும் விதியொன்று காணப்படுகிறது. ஏக்லானும் நகர் ஆயர் யூலியான் இதை வன்மையாகத் தாக்கினார். பச்சிளங்குழந்தைகளைத் துன்புறுத்தும் கொடியவராகக் கடவுளை ஆக்கிவிட்டீர் என்பது அவர் குற்றச்சாட்டு. பொறுத்துப் பார்த்தால் அது எளிதில் தள்ளிவிடக்கூடிய குற்றச்சாட்டு அல்ல.

அகுஸ்தீனாரைக் கல்நெஞ்சர் என்று முடிவுகட்டுவதும் சரியாகாது. 415இல் புனித ஜெரோமுக்கு எழுதிய மடலில், குழந்தைகள் அனுபவிக்கும் தண்டனையைப் பற்றிய கேள்விக்கு வரும்போது தாம் பெரும் நெருக்கடிக்குள்ளாவதாகவும், என்ன விடை சொல்வதென்றே தெரியவில்லை என்றும் அவர் எழுதினார். பக்தியுள்ள பெற்றோர் ஓடிவந்தும், குருவானவர் ஆயத்தமாயிருந்தும் ஒரு குழந்தை திருமுழுக்குக்குச் சற்று முன் இறந்துவிடுகிறது. யாரோ வீதியில் எறிந்துவிட்டுப்போன குழந்தை திருமுழுக்குப் பெற்றுச் சாகிறது. இதை அவர் கவனித்திருந்தார். கடவுளின் தீர்ப்பு ஆராய்ந்தறிய முடியாதது என்பதே அவர் சென்று நின்ற இடம். அடுத்து வந்தவர்கள் அவருடைய தயக்கத்தை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 6ஆம் நூற்றாண்டில் ருஸ்பே நகர் ஃபுல்ஜென்சியுஸ், தாயின் வயிற்றிலேயே இறக்கும் குழந்தைக்கும் நித்திய நெருப்பு உண்டு என்று எழுதினார்.

நெருப்பிலிருந்து விளிம்புக்கு

லிம்போ இரக்கமற்ற ஒரு போதனை என்றே இன்று பலரும் எண்ணுகிறார்கள். வரலாற்றில் அது இரக்கத்தின் பக்கமிருந்து வந்தது. 12ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் கற்பித்த பேதுரு அபேலார்து, இக்குழந்தைகளுக்கு உடல் வேதனை எதுவும் இல்லை, கடவுளைக் காணும் பேற்றை இழப்பது ஒன்றே அவர்களுக்கு நேர்வது என்றார். பேதுரு லொம்பார்து தம் 'வாக்கியங்கள்' நூலில் இக்கருத்தைச் சேர்த்தார். அந்நூல் இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் இறையியல் பாடநூலாக விளங்கியதால் கருத்து எங்கும் பரவியது. 1201இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட், ஆர்ல் நகரப் பேராயருக்கு எழுதிய மடலில், சென்மப் பாவத்துக்குத் தண்டனை கடவுளைக் காணும் பேற்றின் இழப்பு, தானே செய்த பாவத்துக்குத் தண்டனை நரக வேதனை என்று பிரித்துக் காட்டினார். இப்படி நெருப்பு விலகியது.

நெருப்பு போனாலும் ஏக்கம் இருக்குமே? புனித தோமா அக்குவைனார் இதற்கு இரண்டு விடைகள் தந்தார். இளமையில் எழுதிய உரையில், பறவைபோலப் பறக்க முடியவில்லையே என்று எந்த அறிவாளியும் அழுவதில்லை, அதுபோலத் தம் இயற்கைக்கு எட்டாத பேற்றுக்காக இக்குழந்தைகள் வருந்துவதில்லை என்றார். பிற்காலத்தில், தாம் இழந்தது என்ன என்பதே அவர்களுக்குத் தெரியாது, ஆகவே வருத்தம் எழ வழியில்லை என்றார். இயற்கையான முறையில் அவர்கள் கடவுளோடு இணைந்து மகிழ்ந்திருக்கிறார்கள் என்பது அவர் கருத்து.

தோமா அக்குவைனார் குழந்தையின் கண்ணீரைத் துடைத்துவிட்டார். தாயின் கண்ணீருக்கு இந்த விடை போதாது. குழந்தைக்குத் தான் இழந்தது தெரியாது, தாய்க்குத் தெரியும். தான் விண்ணகம் போனாலும் தன் பிள்ளை அங்கே இருக்காது என்பதுதான் அவளுக்குச் சொல்லப்பட்ட செய்தி.

தாந்தே தம் 'தெய்வீக நாடக'த்தில் நரகத்தின் முதல் வட்டமாக லிம்போவை அமைத்தார். அங்கே ஓலம் இல்லை, பெருமூச்சு மட்டுமே உண்டு. குழந்தைகளோடு ஹோமர், சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் போன்ற கிறித்தவரல்லாத பெரியோரும், சலாதீன் என்ற இசுலாமிய மன்னரும் அங்கே இருக்கிறார்கள். தோமா அக்குவைனாரின் லிம்போவில் இல்லாத ஏக்கம் தாந்தேயின் லிம்போவில் நிறைந்திருக்கிறது. மக்கள் மனத்தில் பதிந்ததும் தாந்தேயின் படம்தான்.

கடைசி மூச்சுக்கு முன்

1442இல் ஃபுளோரன்ஸ் பொதுச்சங்கம், குழந்தைகளுக்கு வேறு வழியால் உதவ இயலாது என்பதால் நாற்பது நாள், எண்பது நாள் என்று திருமுழுக்கைத் தள்ளிப்போடக் கூடாது என அறிவுறுத்தியது. ஆபத்து வேளையில் குரு இல்லாவிட்டால் யாரும் திருமுழுக்குக் கொடுக்கலாம்; பெண்ணாயினும், கிறித்தவரல்லாதவராயினும் தலையில் தண்ணீர் ஊற்றித் தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரை முறைப்படி சொன்னால் போதும். இதனால் பேறுகாலம் பார்க்கும் மருத்துவச்சிகளுக்குத் திருமுழுக்கு முறையைக் கற்பிப்பது பங்குக் குருவின் கடமைகளில் ஒன்றாயிற்று. பிறக்க முடியாமல் சிக்கிக்கொண்ட குழந்தைக்குக் கருப்பைக்குள்ளேயே பீச்சாங்குழல் வழியாகத் தண்ணீர் செலுத்தித் திருமுழுக்குக் கொடுக்கலாமா என்று 1733இல் சொர்போன் பல்கலைக்கழக அறிஞர்களிடம் கேட்கப்பட்டது. ஆங்கில நாவலாசிரியர் லாரன்ஸ் ஸ்டெர்ன் தம் 'திரிஸ்திராம் ஷாண்டி' நாவலில் இதை எடுத்து நையாண்டி செய்தார். 1745இல் சிசிலியின் பலெர்மோ நகரில் கஞ்சமீலா என்ற குரு, இறந்த கர்ப்பிணியின் வயிற்றைக் கீறிக் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பது பற்றி ஒரு முழு நூலை வெளியிட்டார்.

இறந்தே பிறந்த குழந்தைக்கு என்ன செய்வது? இறந்தவருக்குத் திருமுழுக்குக் கொடுக்கக் கூடாது என்பது விதி. பிரான்சு, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா முதலிய இடங்களில் மக்கள் இதற்கும் ஒரு வழி கண்டார்கள். குழந்தையின் உடலை மாதாவின் திருத்தலத்துக்குச் சுமந்துசென்றார்கள். ஒரு கணம் உயிர் திரும்பினால் போதும், உடனே திருமுழுக்குக் கொடுத்துவிடலாம். பெர்ன் மாநிலத்தில், ஆரே ஆற்றங்கரையிலுள்ள ஓபர்பூரன் இப்படிப் புகழ்பெற்ற திருத்தலம். கனன்ற கரிக்கும் எரியும் மெழுகுவர்த்திகளுக்கும் நடுவே உடலைச் சூடாக்கி, உதட்டின்மேல் ஓர் இறகை வைப்பார்கள். இறகு அசைந்தால் உயிர் வந்துவிட்டது என்று பொருள். வெப்பக் காற்றால் இறகு அசைவது இயல்பு என்பதைக் கொன்ஸ்தான்ஸ் ஆயர் கண்டித்து உரோமைக்கு எழுதினார். மக்கள் நிறுத்தவில்லை. சீர்திருத்தம் வந்து 1528இல் பெர்ன் நகர் அதைத் தழுவிய பின்னரே திருத்தலம் மூடப்பட்டது. 1990களில் அங்கே நடந்த அகழாய்வில் சுமார் 250 குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. நிறைமாதம் ஆகாத சிசுக்களும் அவற்றில் உண்டு.

இதை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடலாம். ஆனால் பனிக்காலத்தில் இறந்த குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு மலைப்பாதையில் பல நாள் நடந்தவர்கள், தங்களுக்குச் சொல்லப்பட்ட போதனையை அப்படியே நம்பியவர்கள். போதனை வைத்த பூட்டுக்கு அவர்களாகவே ஒரு சாவி செய்துகொண்டார்கள்.

மறைபரப்புப் பணியிலும் இதன் தாக்கம் பெரிது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்துபோவதாக எழுதினார். அவர்களில் ஏராளமானோர் குழந்தைகள். 1843இல் பிரான்சில் தொடங்கப்பட்ட திருக்குழந்தைப் பருவச் சங்கம், சீனாவில் கைவிடப்பட்டுச் சாகும் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கிடைக்க ஐரோப்பியச் சிறுவர்களிடம் காசு திரட்டியது. சாகக்கிடந்த குழந்தைகளை அருட்சகோதரிகள் தேடித்தேடி எடுத்துச்சென்றதும், சென்ற குழந்தைகள் சில நாளில் இறந்ததும் சீன மக்களிடையே பயங்கரமான வதந்திகளைக் கிளப்பின. 1870 சூனில் தியான்ஜின் நகரில் மூண்ட கலவரத்தில் பத்து அருட்சகோதரிகள் உட்படப் பலர் கொல்லப்பட்டனர். கலவரத்துக்கு அரசியல் காரணங்களும் இருந்தன. என்றாலும் திருமுழுக்குப் பற்றிய நம்பிக்கையை அறியாமல் அந்நிகழ்ச்சியை விளங்கிக்கொள்ள முடியாது.

வேலிக்கு வெளியே

திருமுழுக்குப் பெறாதவரை மந்திரிக்கப்பட்ட கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யும் வழக்கம் இல்லை. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் திருமுழுக்கின்றி இறந்தோருக்குத் திருச்சபை அடக்கம் இல்லை என்றே கூறியது.

அயர்லாந்தில் இதன் தடயங்களை இன்றும் நிலத்தில் காணலாம். 'கில்லீன்' என்று ஐரிய மொழியில் அழைக்கப்படும் இக்குழந்தைப் புதைகாடுகள் அந்நாட்டில் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. பாழடைந்த பழைய கோயில் வளாகம், பண்டைய மண்கோட்டை, கடற்கரை மேடு, இரண்டு ஊர்களின் எல்லை ஆகியவை இதற்குத் தெரிந்தெடுக்கப்பட்ட இடங்கள். விளிம்பில் வாழும் குழந்தைக்கு ஊரின் விளிம்பில் இடம். பெரும்பாலும் இருட்டிய பிறகு தகப்பனோ உறவுக்கார ஆண்களோ சிறு பெட்டியைச் சுமந்துபோய்க் குருவும் மணியும் செபமும் இல்லாமல் புதைத்துவிட்டு வருவார்கள். தாய் வழக்கமாகப் போவதில்லை. பெயர் பொறித்த கல் கிடையாது. சில இடங்களில் வெண்மையான படிகக்கற்கள் மட்டும் வைக்கப்பட்டன. இவ்வழக்கம் 1960கள் வரை சில இடங்களில் நீடித்தது. பிள்ளை எங்கே புதைக்கப்பட்டது என்று கணவனிடம் கேட்கத் துணியாமலே முதுமை எய்திய தாய்மார்கள் இருந்திருக்கிறார்கள்.

சீர்திருத்தச் சபைகள்

சீர்திருத்தவாதிகள் உத்தரிக்கிற தலத்தோடு லிம்போவையும் தள்ளிவிட்டார்கள். கேள்வி மட்டும் போகவில்லை. மார்ட்டின் லூத்தர் 1542இல், கருச்சிதைவுற்ற பெண்களுக்கு ஆறுதலாக ஒரு சிறு கட்டுரை எழுதினார். தாயின் நெஞ்சிலிருந்து எழும் பெருமூச்சையே கடவுள் மன்றாட்டாக ஏற்றுக்கொள்கிறார் என்பது அதன் சாரம். இவ்விஷயத்தில் எழுதப்பட்டவற்றுள் தாயை நோக்கிப் பேசியது என்ற வகையில் அது தனித்து நிற்கிறது. கால்வின், விசுவாசிகளின் பிள்ளைகள் பிறக்கும்போதே உடன்படிக்கைக்கு உட்பட்டவர்கள் என்று கூறி, மருத்துவச்சிகள் அவசர அவசரமாகக் கொடுக்கும் திருமுழுக்கு வேண்டியதில்லை என்றார்.

ஆனால் முன்குறிப்புக் கோட்பாடு புதிய நெருக்கடியைக் கொண்டுவந்தது. 1647இல் முடிவான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, குழந்தையாக இறப்பவர்களுள் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் மீட்கப்படுவார்கள் என்றது. தெரிந்துகொள்ளப்படாத குழந்தைகளும் உண்டோ என்று படிப்பவர் கேட்கத்தான் செய்வார். மசாசூசெட்ஸ் குடியேற்றத்தின் போதகர் மைக்கேல் விக்கிள்ஸ்வொர்த் 1662இல் வெளியிட்ட இறுதித் தீர்ப்பு பற்றிய கவிதையில், அத்தகைய குழந்தைகள் நீதிபதியின் முன் வாதாடுகிறார்கள். அவர் மறுத்துவிட்டு நரகத்திலேயே சற்றுக் கடுமை குறைந்த இடத்தை ஒதுக்குகிறார். அகுஸ்தீனாரின் மிக இலேசான தண்டனை கடல்கடந்து மீண்டும் வந்தது. அமெரிக்கப் பிரசுபித்தேரியன் சபை 1903இல்தான், குழந்தையாக இறக்கும் எல்லாரும் மீட்கப்படுவதாகத் தன் நிலையைத் தெளிவாக்கியது.

எதிர்த்தவர்களும் காத்தவர்களும்

கத்தோலிக்கருக்குள்ளேயே லிம்போவை எதிர்த்தவர்கள் இரு திசையில் இருந்தார்கள். கர்தினால் கயத்தான், பெற்றோரின் விருப்பமே குழந்தைக்குத் திருமுழுக்கின் பலனைத் தரக்கூடும் என்று எழுதினார். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் திருத்தந்தை ஐந்தாம் பயஸ், அவர் நூலின் உரோமைப் பதிப்பிலிருந்து அப்பகுதியை நீக்கச்செய்தார்.

மறுதிசையில் யான்செனியர்கள். லிம்போ மிகவும் தாராளமானது, அகுஸ்தீனார் சொன்னபடி நெருப்புத்தான் உண்டு என்பது அவர்கள் வாதம். 1786இல் இத்தாலியின் பிஸ்தோயா நகரில் கூடிய மறைமாவட்டச் சங்கம், லிம்போவைப் பெலாஜியுசின் கட்டுக்கதை என்று ஏளனம் செய்தது. 1794இல் திருத்தந்தை ஆறாம் பயஸ் அந்த ஏளனத்தைக் கண்டித்தார். லிம்போவைப் பற்றிய முக்கியமான திருத்தந்தை ஆவணங்களுள் இதுவும் ஒன்று. லிம்போ இருக்கிறது என்று அது கட்டளையிடவில்லை. அப்படிக் கருதுவோரைப் பழிக்கக் கூடாது என்று மட்டுமே சொன்னது. பின்வந்த பாடநூல்கள் இந்த நுட்பத்தைக் கவனிக்காமல் லிம்போவை முடிந்த முடிவாகக் கற்பித்தன.

20ஆம் நூற்றாண்டில்

1951 அக்டோபரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், இத்தாலிய மருத்துவச்சிகளுக்கு ஆற்றிய உரையில், வளர்ந்தவருக்கு அன்புச் செயலே திருமுழுக்கின் குறையை ஈடுசெய்யலாம், பிறந்த குழந்தைக்கு அந்த வழி இல்லை என்று நினைவூட்டினார். இதன் உள்முரணை இறையியலார் ஏற்கெனவே கவனித்திருந்தார்கள். நற்செய்தியைக் கேள்விப்படாத, மனச்சான்றின்படி வாழும் வளர்ந்த ஒருவர் மீட்புப் பெறலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் கற்பித்தது. தூய ஆவியார் அதற்கான வாய்ப்பை எல்லாருக்கும் அளிக்கிறார் என்று 1965இல் மேலும் சென்றது. பாவமே செய்யாத குழந்தைக்கு மட்டும் கதவு சாத்தியிருக்கிறது என்று இதன் பிறகு சொல்வது கடினமாயிற்று. ஏரோதின் வாளுக்கு இரையான பெத்லகேம் குழந்தைகள் திருமுழுக்குப் பெறாதவர்கள். அவர்களைத் திருச்சபை டிசம்பர் 28இல் புனிதர்களாகவே கொண்டாடி வருகிறது என்பதும் நினைவுகூரப்பட்டது.

மாற்றம் முதலில் வழிபாட்டில் வந்தது. சங்கத்துக்குப் பின் புதுப்பிக்கப்பட்ட அடக்கச் சடங்கு முறையில், திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைக்கான மன்றாட்டுகள் சேர்க்கப்பட்டன. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு (எண் 1183), திருமுழுக்குக் கொடுக்கப் பெற்றோர் எண்ணியிருந்த குழந்தைக்கு ஆயரின் இசைவுடன் அடக்கச் சடங்கு நடத்த வழிசெய்தது. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் (எண் 1261) லிம்போ என்ற சொல்லே இல்லை. இக்குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைப்பதாகவும், அவர்களுக்கு மீட்பின் வழி உண்டு என நம்பலாம் என்றும் மட்டும் கூறுகிறது.

எச்சரிக்கை எந்த அளவுக்கு இருந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995இல் வெளியிட்ட 'வாழ்வின் நற்செய்தி' சுற்றுமடலின் 99ஆம் எண்ணில், கருக்கலைப்புச் செய்துகொண்டு வருந்தும் பெண்களை நோக்கி, உங்கள் குழந்தை இப்போது ஆண்டவரில் வாழ்கிறது என்ற பொருளில் ஒரு வாசகம் முதலில் வெளிவந்தது. அதிகாரப்பூர்வ இலத்தீன் பதிப்பில் அது மாற்றப்பட்டு, குழந்தையை நம்பிக்கையோடு இறைத்தந்தையின் இரக்கத்திடம் ஒப்படைக்கலாம் என்றாயிற்று. முதல் வாசகம் உறுதி கூறியது. இரண்டாவது நம்பிக்கை கூறியது.

2007ஆம் ஆண்டு ஆவணம்

கர்தினாலாக இருந்தபோதே யோசேப் ராட்சிங்கர், லிம்போ வரையறுக்கப்பட்ட விசுவாச உண்மையன்று, தனிப்பட்ட முறையில் தாம் அதைக் கைவிட்டுவிடத் தயார் என்று பேட்டியொன்றில் கூறியிருந்தார். அவர் பதினாறாம் பெனடிக்ட் என்ற பெயருடன் திருத்தந்தையாக இருந்தபோது, 2007 ஏப்ரலில் பன்னாட்டு இறையியல் ஆணைக்குழுவின் ஆவணம் அவர் இசைவுடன் வெளியானது. லிம்போ மீட்பைக் குறித்து மிகவும் குறுகிய பார்வையைக் காட்டுகிறது என்றும், இக்குழந்தைகள் மீட்கப்பட்டுக் கடவுளைக் காண்பார்கள் என்று நம்புவதற்கு வலுவான இறையியல், வழிபாட்டுக் காரணங்கள் உண்டு என்றும் அது முடிவுக்கு வந்தது.

திருத்தந்தை லிம்போவை ஒழித்துவிட்டார் என்று அப்போது செய்தித்தாள்கள் எழுதின. அது சரியான செய்தியன்று. ஆவணம் லிம்போவை இன்னும் ஒருவர் கொள்ளத்தக்க இறையியல் கருத்தாகவே விட்டுவைத்தது. தான் தருவது நம்பிக்கைக்கான காரணங்களே, உறுதியான அறிவு அன்று என்பதையும் அழுத்தமாகச் சொன்னது. ஆணைக்குழுவின் ஆவணம் திருத்தந்தையின் போதனைக்கு நிகரான அதிகாரம் உடையதும் அல்ல. விவிலியம் இக்கேள்விக்கு நேரடியாக விடை தரவில்லை என்பதால், ஆணைக்குழு அதற்கு மேல் செல்லவில்லை. ஏறத்தாழப் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன் அகுஸ்தீனார் ஜெரோமிடம் ஒப்புக்கொண்ட அறியாமையே இது. அவர் அந்த அறியாமையைத் தண்டனையின் பக்கம் சாய்த்தார். ஆணைக்குழு அதை இரக்கத்தின் பக்கம் சாய்த்தது.

மரபுவாதிகள் சிலர் இதை ஏற்கவில்லை. திருமுழுக்கு இல்லாமலே குழந்தை விண்ணகம் போகுமானால் திருமுழுக்கு எதற்கு என்பது அவர்களின் எதிர்வாதம். ஆவணமும் இந்த ஆபத்தை உணர்ந்தே, திருமுழுக்கைத் தாமதிக்க இந்நம்பிக்கையைச் சாக்காகக் கொள்ளக் கூடாது என்கிறது. பிறந்த முதல் சில வாரங்களுக்குள் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கப் பெற்றோர் கடமைப்பட்டவர்கள் என்ற சட்டமும் (எண் 867) நடைமுறையில் இருக்கிறது.

அயர்லாந்தில் கடந்த சில பத்தாண்டுகளில் பல கில்லீன்களைக் குருக்கள் சென்று மந்திரித்திருக்கிறார்கள். சில இடங்களில் நினைவுக்கல்லும் நடப்பட்டிருக்கிறது. பெயர்கள் பதியப்படாததால் பெரும்பாலான கற்களில் பெயர் இல்லை.

திருமுழுக்குக் கொடுக்கும் எண்ணமே இல்லாத பெற்றோரின் குழந்தைகள், பிற சமயத்தவரின் குழந்தைகள் ஆகியோரையும் 2007ஆம் ஆண்டு ஆவணத்தின் நம்பிக்கை வெளியே நிறுத்தவில்லை. உலகில் திருமுழுக்கின்றி இறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் இவர்களே. அடக்கச் சடங்கு பற்றிய சட்டம் மட்டும் இன்னும், பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்த குழந்தைகளைப் பற்றியே பேசுகிறது.